ஒரு மூட்டை நெல்... பதினாலு தோள்!

திருப்பனந்தாள் என்றதும் பெரியவர்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, காசி மடம். இன்னொன்று, செஞ்சடையப்பர் கோயில்.

அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. தாடகை என்ற பக்தை சுவாமிக்கு மாலை சாத்தப் போன நேரம் பார்த்துப் புடவை நழுவியது. இரண்டு கையிலும் மாலை. முழங்கையால் புடவையை இடுக்கிக்கொண்டு தவித்துப் போனாள். பார்த்தார் சிவபெருமான்... லிங்கமே தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டது! சாய்ந்த தலை அப்புறம் நிமிரவில்லை. ராஜா யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார். ம்ஹூம்! கடைசியில் வந்தார் குங்கிலியக் கலய நாயனார். கயிற்றின் ஒரு முனையை லிங்கத்தில் கட்டினார். மறுமுனையைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டு இழுத்தார். லிங்கம் நிமிர்ந்து விட்டது.

யானையால் ஆகாததை ஒரு மனுஷனின் கழுத்து செய்து முடித்த ஊர்!

அந்தக் கழுத்து வேலை இந்தப் பக்கத்தில் இன்னும் நிற்கவில்லை. கும்பகோணத்திலிருந்து சோழபுரம் வழியாகத் திருப்பனந்தாள், அணைக்கரை என்று போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் வயல்தான். குறுவை அறுப்பிலும், பிறகு சம்பா, தாளடி அறுப்பிலும் இந்த வட்டாரத்துக் கொள்முதல் நிலையங்களில் நெல் மலை மலையாகக் குவியும். அந்த மலையை மூட்டையாகக் கட்டி, தைத்து, அடுக்கி, லாரியில் ஏற்றி அனுப்பும்வரை எல்லாம் மனுஷக் கழுத்தும் தோளும்தான்.

'கிடங்கு வேலை' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேறு படம்தான் மனசில் வரும். செல்போனில் ஒரு தட்டு... எங்கேயோ ஒரு பிரமாண்டமான ஷெட்டில் ஒருத்தர் சாமானை எடுக்கிறார், இன்னொருத்தர் அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுகிறார், மறுநாள் வாசலில் 'ஸார், பார்சல்!' அமேசான் கம்பெனி 2012-ல் 'கிவா' என்ற ரோபோ கம்பெனியை 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. எதற்கு? ஊழியர் அலமாரியைத் தேடி நடப்பதற்குப் பதில், அலமாரியே ஊழியரைத் தேடி வருவதற்கு!

நம்ம காவிரிப் படுகையின் 'பேக்கிங் செக்‌ஷன்' எப்படி நடக்கிறது? நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற வியாதி உண்டு. வாருங்கள், ஒரு மூட்டையின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

லாபம்... ரெண்டு... மூணு...

அந்தக் காலத்தில் நெல்லை மரக்காலால் அளந்தார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு... என்று போகும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரண்டு கலம் ஒரு மூட்டை. எடை போட்டால் அறுபது கிலோவைத் தொடும்.

அளந்த நெல் குதிருக்குப் போகும், பத்தாயத்துக்குப் போகும், கோயில் களஞ்சியத்துக்குப் போகும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. கூம்பு மாதிரி வட்டமான செங்கல் கட்டடம். 3,000 கலம் கொள்ளும் என்கிறார்கள். இன்றைய கணக்குக்கு மாற்றினால் எண்பது, தொண்ணூறு டன். இன்றைக்கு ஒரு கொள்முதல் நிலையம் இரண்டே நாளில் வாங்கிவிடுகிற நெல்!

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் பிறந்தபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அதற்குப் பிறகு நெல்லுக்கு மரக்கால் போய் தராசு வந்தது. மூட்டையும் மாறிவிட்டது. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. சாக்கின் எடை தனி.

தைக்கத் தெரிய வேணும்!

விவசாயி முதலில் பதிவு செய்கிறார். இப்போதெல்லாம் ஆன்லைன். சிட்டா, அடங்கல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். டிராக்டரில் நெல் வந்து இறங்குகிறது. களத்தில் ஒரு குவியல். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் விவசாயியின் கயிற்றுக் கட்டிலோ, தார்ப்பாயோ. முறை வரும்வரை ராத்திரிக் காவல் அவருடைய பொறுப்பு.

முறை வந்ததும் ஒரு கருவி நெல்லின் வயிற்றைப் பார்க்கிறது. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மழை வருஷங்களில் மத்திய அரசு கொஞ்சம் தளர்த்துவதும் உண்டு. அடுத்து, தூற்றும் மெஷின். பதர், கருக்காய், தூசி ஒரு பக்கம் பறக்க, நல்ல நெல் இன்னொரு பக்கம் விழுகிறது.

இங்கேதான் 'பேக்கிங்' ஆரம்பம். ஒருத்தர் சாக்கின் வாயைப் பிடிக்க, இன்னொருத்தர் கூடையால் அள்ளிக் கொட்டுகிறார். மூட்டை தராசில் ஏறுகிறது. இரண்டு கை நெல் போட்டு, ஒரு கை நெல் எடுத்து, தராசின் சிவப்பு எழுத்து சரியாக நின்றதும் இறங்குகிறது. அப்புறம் கோணி ஊசியும் சணலும். சாக்கின் இரண்டு காதையும் முறுக்கிக்கொண்டு, தையல் நெருக்கமாகவும் இழுபடாமலும் விழ வேண்டும். தையல் தளர்ந்தால் லாரியில் நெல் ஒழுகும். போய்ச் சேர்கிற இடத்தில் எடை குறையும். எடை குறைந்தால் யாரோ ஒரு பட்டியல் எழுத்தர் தலையில் விடியும்!

பிறகு அட்டி போடுவது. சும்மா ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் ஐந்தாவது வரிசையில் சரிந்துவிடும். குறுக்கும் நெடுக்குமாக, செங்கல் சுவர் கட்டுகிற மாதிரி, தைத்த வாய் உள்பக்கம் பார்க்க அடுக்க வேண்டும். நன்றாகப் போட்ட அட்டியை அதிகாரி வந்து ஒரு பக்கத்தை எண்ணிப் பெருக்கினாலே மொத்தக் கணக்கு வந்துவிடும். படிக்காதவர் போட்ட அட்டி, படித்தவருக்கு வாய்ப்பாடு!

இதில் சுணை என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. நெல்லோடு பழகாதவர்களுக்குப் புரியாது. நெல்லின் மேலிருக்கிற நுண்ணிய முள். வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொண்டால் அரிப்பு உயிரை வாங்கும். புதுச் சாக்கில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை வேறு. சணலை நூலாக்கும்போது மில்லில் போடுகிற எண்ணெயின் வாடை அது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, சுணையும் எண்ணெய் வாடையும் வியர்வையும் சேர்ந்து இறங்க, மூட்டை பிடரியில் ஏறுகிறது.

சாக்கு வரட்டும் அண்ணே!

மூட்டைக்கு முதல் தேவை சாக்கு. 'இதென்ன பெரிய விஷயம்?' என்று நினைப்போம். 1987-ல் வந்த சட்டப்படி அரசு வாங்கும் உணவு தானியத்தைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும். சணல் மில்களில் பெரும்பாலானவை கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி நதிக்கரையில். முதல் மில் 1855-ல் ரிஷ்ரா என்ற ஊரில் ஆரம்பித்தது. அங்கிருந்து 500 சாக்கு ஒரு பேல் என்று கட்டாகக் கட்டி நாடு முழுக்கப் போகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் அந்த மில்கள் மூடியபோது, தானியத்தைக் கட்டச் சாக்கில்லாமல் பிளாஸ்டிக் பைக்கு அனுமதி கொடுக்க வேண்டிவந்தது.

ஆக, மண்ணியாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு, கங்கைக் கரையிலிருந்து சட்டை தைத்து வர வேண்டும்! நெல் அவசரப்படும். சட்டை வந்து சேர வேண்டாமா? எந்தக் களத்திலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"என்னா தம்பி, நாளைக்காவது நம்ம குவியலுக்கு வருவீங்களா?"

"சாக்கு வரட்டும் அண்ணே. சாக்கு வந்தா தராசு சும்மாவா இருக்கும்?"

"முந்தாநாள் சாக்கு இருந்துச்சு, லாரி இல்லேன்னீங்க..."

"லாரி வர்ற அன்னிக்கு மழையும்ல வருது! நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க?"

சிரிப்பாகத்தான் இருக்கிறது, குவியல் நம்முடையதாக இல்லாதவரை.

எண்ணிப் பார்த்தேன்... பதினாலு!

இப்போது நம் மூட்டையின் பின்னால் போவோம். தூரமான பாதையில் போகிற மூட்டை என்றே வைத்துக்கொள்வோம்.

குவியலிலிருந்து தராசு, ஒன்று. தராசிலிருந்து அட்டி, இரண்டு. அட்டியிலிருந்து லாரி, மூன்று. லாரியிலிருந்து இறக்கித் திறந்தவெளிக் கிடங்கில் மறுபடி அட்டி, நாலு. (திறந்தவெளிக் கிடங்கு என்றால் வெறும் பொட்டல் இல்லை. உயர்த்திய மேடை, அடியில் மரச்சட்டம், மேலே தார்ப்பாய் போர்வை.) அங்கிருந்து திரும்பவும் லாரி, ஐந்து. கும்பகோணமோ தஞ்சாவூரோ, ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் லாரியிலிருந்து வேகனுக்கு, ஆறு. ஏதோ ஒரு வெளிமாவட்ட ஸ்டேஷனில் வேகனிலிருந்து லாரி, ஏழு. அரைவை மில் கிடங்கு, எட்டு. மில்லின் வாயில் கொட்டுவதற்கு, ஒன்பது.

இதோடு நெல் முடிந்தது. இனி அரிசி. அரிசி மூட்டை மில் கிடங்கில் அட்டி, பத்து. லாரி, பதினொன்று. வட்டக் கிடங்கில் இறக்கம், பன்னிரண்டு. ரேஷன் கடைக்குப் போகிற லாரி, பதிமூன்று. ரேஷன் கடை, பதினாலு.

பதினாலு தடவை! ஒவ்வொன்றுக்கும் ஒரு தோள். வழியில் கிடங்கு மாறினால் இன்னும் கூடும். பக்கத்து மில்லுக்கே போய்விட்டால் நாலைந்து குறையும்.

40 கிலோ புழுங்கல் நெல்லை அரைத்தால் 68 சதவிகிதக் கணக்கில் சுமார் 27 கிலோ அரிசி வர வேண்டும். நெல்லாக ஒன்பது தடவை, 360 கிலோ. அரிசியாக ஐந்து தடவை, 135 கிலோ. கூட்டினால் 495. அதாவது, 27 கிலோ அரிசி நம் ரேஷன் கடைக்கு வந்து சேர, கிட்டத்தட்ட அரை டன் எடையை மனிதர்கள் தூக்கியிருக்கிறார்கள்!

அடேயப்பா என்று தோன்றுகிறதா? சரக்கு ரயிலைப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து வெளிமாவட்டத்துக்கு 2,000 டன் நெல் அனுப்பினார்கள் என்று பேப்பரில் ஒரு மூலையில் சின்ன செய்தி வரும். 42 வேகன். நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். 2,000 டன் என்றால் 50,000 மூட்டை. லாரியிலிருந்து வேகனுக்கு 50,000 தடவை ஒரு மனுஷன் குனிந்து, வாங்கி, நடந்து, சாய்த்து நிமிர்ந்திருக்கிறான். நமக்கு அது நாலு வரிச் செய்தி.

கனத்துக்கு ஏதாவது வரம்பு உண்டா? உண்டு. ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரை செய்தது. அதோடு வந்த உடன்படிக்கையை இந்தியா 2010-ல் ஏற்றுக்கொண்டது. நூறு கிலோ கோணி ஒரு காலத்தில் சாதாரணம். நம் 40 கிலோ மூட்டையும், ரேஷன் அரிசியின் 50 கிலோ மூட்டையும் அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. நல்ல விஷயம். ஆனால் எத்தனை மூட்டை என்பதற்கு வரம்பு எதுவும் இல்லையே!

ரூபாய்க்கு ஒரு பைசா

இனி பணக் கணக்கு.

2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். சன்ன ரகத்துக்கு 2,545. சாதாரண ரகத்தையே எடுத்துக்கொண்டால், 40 கிலோ மூட்டை சரியாக 1,000 ரூபாய்.

அந்த மூட்டையைக் களத்தில் கையாளும் சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குக் கூலி? பல வருஷங்களாக 3 ரூபாய் 25 பைசாவாக இருந்தது. 2022-ல் அது 10 ரூபாயாக உயர்ந்தது. மும்மடங்கு உயர்வு. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 1,000 ரூபாய் மூட்டைக்கு 10 ரூபாய் என்றால் ரூபாய்க்கு ஒரு பைசா. பழைய கூலியில் அரைப் பைசாகூட இல்லை!

அந்தப் பத்து ரூபாயும் ஓர் ஆளுக்குப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட செட்டு அது. ஒரு நாளைக்கு 1,000 மூட்டை போட்டால் பத்தாயிரம் ரூபாய். பன்னிரண்டு பேர் பிரித்தால் ஆளுக்கு 833. தேவலையே என்று தோன்றும். அந்த 1,000 மூட்டை 40 டன். தராசுக்கு, அட்டிக்கு, லாரிக்கு என்று அன்றே மூன்று தடவை தூக்கினால் 120 டன். ஆளுக்குப் பத்து டன்! கிட்டத்தட்ட ஒரு லாரி பாரம், ஒரு மனுஷனின் தலையில், ஒரே நாளில்.

அதுவும் வேலை இருக்கிற நாளில்தான். சாக்கு இல்லையா, கூலி இல்லை. லாரி இல்லையா, இல்லை. மழையா, இல்லை. சீசன் முடிந்ததா, அடுத்த சீசன் வரை இல்லவே இல்லை.

இந்த ஓட்டையில்தான் நமக்கெல்லாம் தெரிந்த அந்தப் பழைய புகார் முளைக்கிறது. மூட்டைக்கு முப்பது, நாற்பது ரூபாய் விவசாயியிடமே வாங்குகிறார்கள் என்பது சட்டசபை வரைக்கும் போன புகார். எந்த ஊர்க் களம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு ஏக்கருக்கு அறுபது மூட்டை விளைந்தது என்று வைத்துக்கொண்டால், மூட்டைக்கு நாற்பது வீதம் 2,400 ரூபாய். நெல்லுக்குப் பணம் பேங்க் கணக்குக்குப் போகிறது, சுத்தமாக, ரசீதோடு. இந்த 2,400 மட்டும் மடியிலிருந்து மடிக்குப் போகிறது, ரசீது இல்லாமல்.

விவசாயி திட்டுகிறார்: "உழுதவன் நான், காசு வாங்கறவன் அவனா?" அவர் கோபம் நியாயம். தூக்குகிறவரைக் கேட்டால், அந்தப் பணம் முழுசும் தங்கள் கைக்கு வருவதில்லை, பங்கு பல திசைக்கும் போகிறது என்பார்கள். கூலி கட்டவில்லை என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆக, வாங்குவது தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாங்காவிட்டால் ஓடாது என்றும் இரண்டு பேருக்கும் தெரியும். களத்தில் சண்டை போட்டுக்கொள்கிற இரண்டு பேரும் வெயிலில் நிற்கிறவர்கள். நிழலில் இருக்கிறவர்கள் யாரும் சண்டைக்கு வருவதில்லை, கவனித்தீர்களா?

மெஷின் அறுக்குது... கை கட்டுது...

இதற்கு நடுவில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிட்டது. (அறுவடை மெஷின் சத்தம் போடும், நான் சொல்வது மாற்றத்தை!)

முன்பெல்லாம் ஆள் வைத்து அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்து, தூற்றி, காயவைத்து நெல் வீடு வந்து சேர நாள் கணக்காகும். அதற்குள் அது காய்ந்திருக்கும். ஊரில் ஒவ்வொரு வீட்டு நெல்லும் ஒவ்வொரு நாளில் வரும். இப்போது அறுவடை மெஷின் ஒரு ஏக்கரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடித்து நெல்லாகக் கொட்டிவிடுகிறது, ஈரத்தோடு. ஒரு வாரத்தில் ஒரு வட்டாரத்து நெல் முழுக்க ஒரே சமயத்தில் ரோட்டுக்கு வந்துவிடுகிறது.

அறுப்பு மெஷின் வேகத்துக்குப் போய்விட்டது. கட்டுவது, தைப்பது, தூக்குவது எல்லாம் தாத்தா காலத்து வேகத்திலேயே நிற்கிறது. அகலமான வாய்க்காலில் வந்த தண்ணீர், குறுகிய மதகில் வந்து முட்டுகிற மாதிரி! அந்த மதகில்தான் நம்ம பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்.

2025 அக்டோபரில் அந்த மதகு அடைத்துக்கொண்டது. குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தன. காவிரிப் படுகை மாவட்டங்களில் கொள்முதல் நிலையங்களின் வாசலில் குவிந்த நெல் நனைந்து முளைவிட்டது. டி.வி.யில் பச்சை பச்சையாகப் பார்த்திருப்பீர்கள். ஈரப்பதத்தை 22 சதவிகிதம் வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது. பார்க்க மத்தியக் குழுக்கள் வந்தன. செறிவூட்டப்பட்ட அரிசியைக் கலப்பதற்கான அனுமதி தாமதம் என்று மாநில அரசு சொன்னது. சாக்கு, லாரி, கிடங்கு ஏற்பாடு போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னார்கள்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நெல் விளைவதில் குறை இல்லை. விலை அறிவிப்பதிலும் குறை இல்லை. விளைந்ததைக் கட்டி, ஏற்றி, நகர்த்துவதில்தான் சிக்கல். மூட்டை அட்டியிலேயே நின்றால் அடுத்த குவியலுக்கு இடமில்லை. அடுத்த குவியல் நின்றால் அதற்கடுத்தவர் ரோட்டில். ரோட்டில் கிடக்கிற நெல்லுக்கு மழை டோக்கன் கேட்பதில்லை!

ஒரே சுமை, மூன்று கூலி

'எல்லாவற்றுக்கும் மெஷின் போட்டால் போச்சு!' என்பவர்கள் பஞ்சாபைக் காட்டுகிறார்கள். மோகா என்ற ஊரில் பெரிய இரும்புக் குதிர்கள் இருக்கின்றன. கோதுமை டிராலியில் வந்து இறங்குகிறது, குழாயில் ஏறுகிறது, பெட்டி ரயிலில் கொட்டித் தென்னாட்டுக்கே வருகிறது. இடையில் சாக்கே கிடையாது. ஆனால் கோதுமை வேறு, நெல் வேறு. ஈர நெல்லை அப்படியே குதிரில் கொட்டினால் சூடேறிக் கெட்டுவிடும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்கள் ஆயிரம் பேர் ஆளுக்கொரு ரகமாகக் கொண்டுவருகிற இடத்தில் அந்த ஏற்பாடு அவ்வளவு சுலபமில்லை. தவிர, ஒரு சீசனுக்கு அந்த மூட்டையை நம்பியிருக்கிற பன்னிரண்டு குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கூலியை ஏற்றினால் போதுமா? அதிலும் ஒரு வேடிக்கையான பாடம் இருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க அமைத்த சாந்தகுமார் கமிட்டி 2015 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு கணக்கு. கழகத்தின் நிரந்தரச் சுமைத் தொழிலாளிக்கு மாதம் சராசரி 79,500 ரூபாய் செலவாகிறது. காண்டிராக்ட் தொழிலாளிக்கு சுமார் 10,000. இரண்டு பேர் தூக்குவதும் அதே மூட்டை! இதற்கெல்லாம் சிகரம்... 2014 ஆகஸ்ட் மாதத்தில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நாலு லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தூக்கினால் ஊக்கத்தொகை என்று ஒரு ஏற்பாடு. பெயர் ஒருவருக்கு, தூக்குவது இன்னொருவர் என்று பினாமி ஆட்களும் புகுந்திருந்தார்கள் என்று கமிட்டியே சொன்னது. சுமை தூக்குவதிலும் பினாமி!

பக்கத்துக் கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே. சாமானை உரிமையாளரே இறக்கிக்கொண்டாலும், பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. அதற்குப் பெயரே 'நோக்குகூலி'. 2018 மே தினத்திலிருந்து அதை ஒழிப்பதாக அந்த அரசே அறிவிக்க வேண்டிவந்தது.

உருப்படியான உதாரணமும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் தலைச்சுமைத் தொழிலாளியை 'மாத்தாடி' என்கிறார்கள். 1969-ல் அவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதன்படி வேலை கொடுக்கிறவர் கூலியைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதில்லை. ஒரு வாரியத்தில் கட்டுகிறார். கூலியோடு மேல்தொகை ஒன்றும் கட்ட வேண்டும். வாரியம் கூலியைக் கொடுத்து, மேல்தொகையிலிருந்து பி.எஃப்., போனஸ், விடுமுறைச் சம்பளம், வைத்தியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. அங்கேயும் குறை, குற்றச்சாட்டு எல்லாம் உண்டு. ஆனால் தூக்குகிற ஆள் யார், எத்தனை தூக்கினார், என்ன வாங்கினார் என்பது ஏட்டில் இருக்கிறது.

நம் ஊரிலும் 1982-லேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. நல வாரியமும் இருக்கிறது. நெல்லுக்குப் பணம் விவசாயியின் கணக்குக்கே போகிற மாதிரி, ஒவ்வொரு நாளும் தூக்கிய மூட்டைக்குக் கூலி அவரவர் கணக்குக்கே போகட்டும். சாக்கும் லாரியும் இல்லாமல் சும்மா உட்காரவைத்த நாளுக்கு ஒரு குறைந்தபட்சப் படி இருக்கட்டும். களத்துக்கு ஒரு தையல் மெஷின், லாரியில் ஏற்ற ஒரு சின்ன உருளும் பெல்ட் கொடுத்துப் பார்க்கலாம். ஆளை எடுத்துவிட்டு வைக்கிற மெஷின் வேண்டாம். ஆளின் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்கிற மெஷின் போதும். இதெல்லாம் நடந்தபிறகும் விவசாயியிடம் கை நீட்டினால், அப்போது கேட்கிற கேள்விக்கு ஒரு பலம் இருக்கும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'உள்தூக்குக் கூலி' என்ற வார்த்தை மறந்திருக்காது. சரக்கை உள்ளே கொண்டுவர ஆகிற செலவு. அதை வியாபாரக் கணக்கில் பற்று எழுத வேண்டும். சரக்கின் அடக்க விலையிலேயே அதுவும் சேர்த்தி. விட்டுவிட்டால் ஐந்தொகை மொத்தமும் தப்பாகப் போகும், வாத்தியார் முழு மார்க்கையும் வெட்டிவிடுவார்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசி இலவசம். அந்தப் பன்னிரண்டு பேர் வீட்டிலும் அந்த அரிசிதான் பொங்குகிறது. கார்டுக்கு இருபது கிலோவை வாங்கிப் பையில் கட்டி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டு அம்மா நடக்கிறாரே... நான் எண்ணிய பதினாலில் அது சேரவில்லை. பதினைந்தாவது தூக்கல் அது. அதற்குக் கூலி எந்த ஏட்டிலும் இல்லை.